இளைப்புக்கு யார் சீட்டு எழுதுவது?

மூச்சிரைப்போடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கு?" என்பதைத்தான். சளி எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, பீடி பிடிப்பீர்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. விரிஞ்சிபுரம், செதுவாலை, பொய்கை, கந்தனேரி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களின் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய நர்சுக்கு இந்தக் கேள்வி தானாகவே வாயில் வந்துவிடும். விடியும் முன்பே ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கிற ஊர்கள் இவை. சாப்பாட்டுப் பையோடு பெண்கள் ஏறிப் போனால் இருட்டின பிறகுதான் திரும்புவார்கள். ஆண்களில் பலர் ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் காலத்தைக் கழித்தவர்கள்.

"ஞாயித்துக்கிழமை நல்லா கீதும்மா. திங்கக்கிழமை சாயந்திரத்திலேர்ந்து புடிச்சிக்குது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். பஃபிங் மெஷினில் நிற்கிறாரா, ஸ்பிரே அடிக்கிற இடத்திலா, ஷூவுக்கு சொல்யூஷன் தடவுகிற மேசையிலா என்று அடுத்துக் கேட்பேன். பஃபிங்கில் பறக்கிறது மாவு மாதிரியான தோல் தூசி. ஸ்பிரேயில் சாயமும் லாக்கரும் கரைப்பானும் கலந்து வரும். பாலியூரிதேன் சோல் வார்க்கிற இடத்தில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. வேலையிடத்து ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க அறியப்பட்ட காரணங்களில் முன்வரிசையில் நிற்பது அது. சுண்ணாம்புத் தொட்டியில் போடும் சோடியம் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது இளைப்போடு விடாது, ஆளையே சாய்த்துவிடும்.

இந்த விவரம் தெரியாமல் எழுதுகிற சீட்டு எவ்வளவு நல்ல மருந்தைச் சொன்னாலும் அரைச் சீட்டுதான். மருந்து நெஞ்சைத் திறக்கும். திங்கட்கிழமை அதே தூசி மறுபடி அடைக்கும். ஸ்பிரே பிரிவிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லி ஒரு பெண்ணுக்குக் கடிதம் வாங்கிக் கொடுத்தது, அவளுக்குப் பல மாதம் எழுதிய மாத்திரைகளைவிட அதிகம் உதவியது. எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்க நேரம் இருந்தது; டாக்டருக்கு இல்லை. காலை ஓ.பி.யில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். ஒரு ஆளுக்கு அவரால் இரண்டு நிமிஷம் ஒதுக்க முடிந்தால் பெரிது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வரிசையை நானும்தான் ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன்.

மூச்சு நோயில் நர்ஸ் மருந்து எழுதலாமா என்று கேட்டால் பலருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. எழுதலாம், எழுத வேண்டும் என்பது என் முடிவு. பல வருஷம் இந்த நோயாளிகளோடு இருந்து எடுத்த முடிவு.

நடப்பதைச் சொல்கிறேன். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி இருப்பது ஒரு நர்ஸ், ஒரு ஆயா. டாக்டர் ஆன்-கால். இரண்டு மணிக்கு ஆட்டோவில் ஒருவரைத் தூக்கிவருவார்கள். உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோள்பட்டையை ஏற்றி ஏற்றி மூச்சு வாங்குவார். "பேர் என்ன அண்ணா?" என்றால் பேரைக்கூட முழுசாகச் சொல்ல வராது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது என்னவென்று எங்களுக்குத் தெரியும். விரலில் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன், சால்புட்டமால் நெபுலைசர், இருபது நிமிஷத்தில் மறுபடி பார்ப்பது, தேவைப்பட்டால் மறுபடி கொடுப்பது, முதல் மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு. டாக்டருக்கு போன் போகும். அவர் "ஆரம்பிச்சிடு, வர்றேன்" என்பார். ஆரம்பித்திருப்பேன். காலையில் கேஸ் ஷீட்டில் கையெழுத்து விழும்.

மருந்தைத் தேர்ந்தது நர்ஸ், கொடுத்தது நர்ஸ், பதிவேட்டில் பொறுப்பு வேறொருவருடையது. எங்கள் படிப்பில் இதற்கு 'ஸ்டாண்டிங் ஆர்டர்' என்று பெயர். டாக்டர் முன்கூட்டியே எழுதிவைத்த உத்தரவின்படி நர்ஸ் நடக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல இடங்களில் அந்த உத்தரவு தாளில் இருக்காது, வாய்மொழியாகத்தான் இருக்கும். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் கேள்வி இல்லை. முடியாவிட்டால் "உன்னை யார் கொடுக்கச் சொன்னது?" என்ற கேள்வி நர்சிடம்தான் வரும். அந்தப் பயத்தில் சில இடங்களில் ஒன்றும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அடைந்த நெஞ்சுக்கு அந்த அரை மணி நேரம் பெரிய நேரம்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு விரிஞ்சிபுரம் எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மதிலழகுக்குப் பெயர் போன மார்க்கபந்தீஸ்வரர் கோயில். குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் நடுராத்திரியில் சிம்ம தீர்த்தத்தில் மூழ்கி, ஈரப்புடவையோடு பிரகாரத்தில் படுத்திருப்பார்கள். பாலாற்றுப் பக்கமிருந்து குளிர் இறங்கும். கூட்டம், கற்பூரப் புகை, பட்டினி. அந்தக் கூட்டத்தில் இளைப்பு உள்ள ஒரு பெண் இருந்தால் அவளுக்கு வேண்டிய அத்தனை கேடும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வருஷம் திருவிழா மருத்துவ முகாமுக்கு அப்படி ஒருத்தியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. மாமியார் என்னைப் பார்த்து, "நர்சம்மா, ஊசி கீசி போட்டுறாதம்மா, வேண்டுதல்ல கீறா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி வேண்டாம் அம்மா, இழுக்கிற மருந்துதான், வயிற்றில் ஏதாவது தங்கியிருந்தாலும் அதற்குக் கெடுதல் இல்லை என்று சொல்லிவிட்டு, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயை அவள் வாயில் வைத்தேன். ஒரு பஃப், நாலைந்து மூச்சு. அடுத்த பஃப், நாலைந்து மூச்சு. ஸ்டெத் வைத்துக் கேட்டபோது முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. விசில் சத்தம் கேட்டால் பயம் குறைவு. சத்தமே இல்லாத நெஞ்சுதான் ஆபத்து, காற்றே போகவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் விசில் வந்தது. சத்தம் வந்ததும் மாமியார் பயந்தார், எனக்கு உயிர் வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவளால் வாக்கியமாகப் பேச முடிந்தது.

இனி ராத்திரி அவசரத்தை விட்டுவிடுவோம். மூச்சு நோயின் பெரும்பகுதி பகலில், வீட்டில், மாதக்கணக்கில் நடக்கிறது. அங்கேதான் நர்சின் சீட்டு இன்னும் அதிகம் தேவை.

ஒரு பெரியவர். வாணியம்பாடிப் பக்கம் டேனரியில் சுண்ணாம்பு வேலை பார்த்து ஓய்ந்தவர். பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள்: மாத்திரைக் குப்பி போல ஒரு டப்பாவில் காப்ஸ்யூல்கள், கூடவே ரோட்டாஹேலர். "எழுதிக் கொடுத்ததை ஒழுங்காத்தான் சாப்பிடறேன், ஒண்ணும் கேக்கல" என்றார். "எப்படி சாப்பிடறீங்க, காட்டுங்க ஐயா" என்றேன். ஒரு காப்ஸ்யூலை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். ரோட்டாஹேலர் பிளாஸ்டிக் உறையோடு பையில் அப்படியே இருந்தது. பேரப்பிள்ளைகள் விளையாடித் தொலைத்துவிடக் கூடாதென்று பத்திரப்படுத்தியிருந்தார். அவரை உட்காரவைத்து, காப்ஸ்யூலை எந்தப் பக்கம் நுழைப்பது, எப்படித் திருகுவது, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு வேகமாக ஆழமாக உறிஞ்சுவது, பத்து எண்ணுகிற வரை அடக்குவது, பிறகு வாய் கொப்பளிப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்யவைத்தேன். உள்ளே இருக்கும் காப்ஸ்யூல் சுழல்கிற சத்தம் கேட்கும், கேட்டால்தான் மருந்து போகிறது என்று சொன்னேன். மூன்றாவது முறை அந்தச் சத்தம் கேட்டது. அவர் முகத்தில் வந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் தெரிகிறது.

பம்ப் வகை இன்ஹேலருக்கு இதற்கு நேர்மாறு. வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் அடித்து நின்றுவிடும், மெதுவாக இழுக்க வேண்டும். ஒருவருக்கு ஒன்றை எழுதி, அடுத்த முறை கடையில் இருப்பு இல்லை என்று மற்றதை மாற்றிக் கொடுத்துவிட்டால், பழைய பழக்கத்தில் தப்பாகவே இழுப்பார். மருந்து வேலை செய்யவில்லை என்று டோஸ் ஏறும், அல்லது மாத்திரை சேரும். இன்ஹேலரில் சாதனத்தைத் தேர்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி. கை நடுங்குகிற பாட்டிக்கு எது, உறிஞ்ச பலமில்லாதவருக்கு எது என்பதை அவர் கையைப் பிடித்துப் பழக்குகிறவர்தான் தீர்மானிக்க முடியும். அந்தத் தீர்மானத்தைச் சீட்டில் எழுதும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை.

ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் செய்து கொடுப்போம். பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் சரியாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை, காற்று கசியாமல் சுற்றி ஒட்டுவது, பாட்டில் வாயில் உதட்டை வைத்து மூச்சு இழுப்பது. கேட்டால் சிலர் சிரிப்பார்கள். கேப் டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவினரும் இதைக் கடையில் விற்கும் ஸ்பேசரோடு ஒப்பிட்டுப் பார்த்து, மூட்டு சரியாக ஒட்டிய பாட்டில் ஸ்பேசர் குழந்தைகளுக்கு அதே அளவு பயன் தருகிறது என்று 1999ல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஏழை வீட்டுக்கு இதைவிட நல்ல செய்தி மருத்துவத்தில் குறைவு.

இந்தப் பகுதியில் பஃப் என்றாலே ஒரு பயம். "பழகிடும்", "கடைசி கட்டத்துல குடுக்கறது", "பொண்ணுக்கு வரன் வராது". கல்யாணத்துக்கு நிச்சயமான பெண்ணின் இன்ஹேலரை அம்மா பிடுங்கி ஒளித்துவைத்ததைப் பார்த்திருக்கிறேன். பஃப்புக்குப் பயப்படுகிறவர்கள் மெடிக்கலில் 'செட் மாத்திரை' கேட்டு வாங்குவதற்குப் பயப்படுவதில்லை. சின்னக் காகிதப் பொட்டலத்தில் மூன்று நாலு மாத்திரை. அதில் ஒன்று பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன். போட்ட ஒரு மணி நேரத்தில் சுகமாக இருக்கும். வருஷக்கணக்கில் போட்டால் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பீடி சுற்றுகிற பெண்களிடம் இதை அதிகம் பார்த்தேன். பகல் முழுக்க மடியில் புகையிலைத் தூள், ராத்திரி இளைப்பு, காலையில் செட் மாத்திரை.

சால்புட்டமாலும் பிரெட்னிசோலோனும் எச் அட்டவணை மருந்துகள். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் கடையில் சீட்டு கேட்காமலே கிடைக்கின்றன. மூன்று வருஷம் நர்சிங் படித்து, கவுன்சிலில் பதிவு செய்து, ஆயிரம் நெஞ்சுகளைக் கேட்டவள் எழுதினால் செல்லாது. இந்த நிலைமை நோயாளியைக் காப்பாற்றுகிறது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

சட்டம் எங்களுக்கு முழுக்கக் கதவைச் சாத்திவிட்டது என்றும் சொல்ல முடியாது. மருந்து விதிகளின் கே அட்டவணையில் 23ஆம் இனம் என்று ஒன்று உண்டு. அரசின் சுகாதாரத் திட்டங்களின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையங்களைச் சேர்ந்த நர்சுகள் மருந்து கொடுப்பதற்கு விற்பனை உரிமம் தேவையில்லை என்று அது விலக்கு அளிக்கிறது. கொடுக்கலாம்; ஆனால் எழுதலாம் என்று அதில் இல்லை. 2019ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போய், 'சமுதாய சுகாதார வழங்குநர்' என்றொருவர் ஆரம்ப நிலை, தடுப்பு நிலைச் சிகிச்சையில் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமாகவே எழுதலாம் என்றது. அதை எதிர்த்து அந்த ஜூலை 31ஆம் தேதி நாடு முழுக்க டாக்டர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது. எங்கள் சுகாதார நிலையத்தில் அதனால் எதுவும் மாறவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் அரசு துணிந்து முடிவெடுத்தது. அதற்கு அடித்தளம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் போடப்பட்டது. டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்து ஆட்களுக்கே நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்து, கோட்ரைமாக்சசோல் மருந்தையும் கையில் கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களில் குழந்தைகளின் நிமோனியா சாவு, மற்ற கிராமங்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே இருந்தது. 1990ல் லான்செட்டில் வந்த ஆய்வு அது. பிறகு தேசியத் திட்டத்திலும் கோட்ரைமாக்சசோல் துணை சுகாதார நிலையத்து மருந்துப் பெட்டிக்கு வந்தது, இப்போது அமாக்சிசிலின். 2019 நவம்பரில் 'சான்ஸ்' என்ற நிமோனியா ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது இது இன்னும் தெளிவாக எழுதப்பட்டது.

எங்களோடு வேலை பார்த்த ஒரு கிராம சுகாதார செவிலியர் அக்கா குழந்தையின் மூச்சை எண்ணுகிற விதத்தை இளம் டாக்டர்களே நின்று பார்ப்பார்கள். அழுகிற பிள்ளையை எண்ணமாட்டார். "பால் குடு, தூங்கட்டும்" என்பார். பிறகு சட்டையை மெல்லத் தூக்கி, வயிற்றின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுவார். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவது அவரிடம் நடக்காது. இரண்டு மாதத்துக்குள் இருந்தால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டால் வேகமூச்சு. விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், முதல் டோஸ் கொடுத்து உடனே மேல் ஆஸ்பத்திரிக்கு. வெறும் சளி என்றால் மருந்தே இல்லை, வெந்நீரும் தாய்ப்பாலும் போதும் என்று அனுப்பிவிடுவார். எத்தனை தாய்மார்கள் கெஞ்சினாலும் ஆன்ட்டிபயாடிக் கொடுக்கமாட்டார். நர்ஸ் கையில் மருந்து போனால் கண்டபடி வாரிக் கொடுப்பாள் என்று பேசுகிறவர்களுக்கு அந்த அக்காவின் பதிவேட்டைத்தான் காட்ட வேண்டும்.

இரண்டு மாதக் குழந்தையின் நிமோனியாவுக்கு ஒருத்தியை நம்பலாம், நாற்பது வயது டேனரித் தொழிலாளியின் தெரிந்த ஆஸ்துமாவுக்கு நம்பக் கூடாது என்பது எனக்குப் புரியவில்லை.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது. வீடு தேடி மருந்து போகிறது. பெண் தன்னார்வலர், இடைநிலை சுகாதாரச் செவிலியர் என்று ஆட்கள் வந்தார்கள். பிரஷர், சர்க்கரைக்காரர்கள் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பது குறைந்தது. அது பெரிய காரியம். அதன் மையம் பிரஷரும் சர்க்கரையும்தான். இளைப்புக்காரர் இன்னும் பஸ் ஏறித்தான் வருகிறார். இருநூறு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறவரை மருந்துக்காக நடக்கவிடுகிறோம்.

வெளியே என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். என்னோடு படித்த தோழி ஒருத்தி இங்கிலாந்தில் மூச்சு நோய் நர்ஸ். ஆஸ்துமா கிளினிக்கை அவளே நடத்துகிறாள். மருந்து தொடங்குகிறாள், கூட்டுகிறாள், குறைக்கிறாள், நிறுத்துகிறாள், தன் பெயரில் கையெழுத்துப் போடுகிறாள். அங்கே 1992ல் நர்சுகள் மருந்து எழுதச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் ஒரு சின்னப் பட்டியலிலிருந்துதான் எழுதலாம். 2006 மே மாதத்திலிருந்து தனிப் பயிற்சி முடித்துத் தகுதி பெற்ற நர்சுகள், தங்கள் திறமைக்கு உட்பட்டு, கிட்டத்தட்ட எல்லா மருந்தையும் எழுதலாம் என்று ஆனது. "நான் எழுதறேன்றதால தப்பு குறையுது. ஏன்னா கேள்வி என்கிட்டதான் வரும்" என்று அவள் போனில் சொன்னதை நான் நம்புகிறேன். கையெழுத்து இல்லாத பொறுப்பு நழுவிப்போகும்.

இங்கிலாந்து பணக்கார நாடு என்பார்கள். சரி, தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 40 கிளினிக்குகளை எடுத்து, பாதியில் நர்சுகளுக்கு மூச்சு நோய்களுக்கான எளிய வழிகாட்டியும் அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சியும் கொடுத்தார்கள். 2005ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற கிளினிக்குகளில் காசநோய் கண்டுபிடிப்பும் கூடியது, இழுப்பு நோய்க்கு இழுக்கிற ஸ்டீராய்டு எழுதுவதும் கூடியது. அந்த இரண்டும்தான் நமக்கும் தேவை.

இழுக்கிற ஸ்டீராய்டைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். சால்புட்டமால் அடைப்பைத் திறக்கும், அழற்சியை ஆற்றாது. 2019ல் ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழுவான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நிவாரண மருந்தை மட்டும் கொடுத்து நிறுத்துவதைப் பரிந்துரைப்பதில்லை என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் இன்னும் பெரும்பாலானோர் அந்த நிவாரணத்தை மட்டும் வைத்தே காலம் தள்ளுகிறார்கள். உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதம் இந்தியாவில். ஆஸ்துமாச் சாவில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில். இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் தினசரி இழுக்க வேண்டிய மருந்து கைக்கு வராமலும், வந்தாலும் நிலைக்காமலும் போவதுதான் என்று நான் கருதுகிறேன். அதை நிலைக்கவைக்கிற வேலை நர்சின் வேலை. ரமலான் மாதத்தில் பேரணாம்பட்டுக்கார பாய் ஒருவர் பகலில் இழுக்க வேண்டுமே என்று முப்பது நாளும் மருந்தை நிறுத்தப் போனார். காலையும் மாலையும் இழுக்கிற மருந்தை சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று என்று மாற்றி எழுதினால் முடிந்தது. அவசரத்துக்கு உள்ள பம்ப்பைப் பற்றி ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன், உயிருக்கு முன்னால் தடையில்லை என்று சொன்னாராம். இந்தச் சின்ன மாற்றத்தை எழுத நான் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

டாக்டர்களின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிய யாருக்கும் சளிப் பரிசோதனை இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கக் கூடாது. காசநோய் ஒளிந்திருந்தால் அது மூடி மறைத்துவிடும். இதயம் பலவீனமாகி வருகிற மூச்சிரைப்பும் இளைப்பு மாதிரியேதான் இருக்கும். பீடியால் நைந்த நுரையீரலுக்கு ஆக்சிஜனை அளவில்லாமல் திறந்துவிட்டால் கெடுதல். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 88க்கும் 92க்கும் இடையில் நிறுத்த வேண்டும். இதெல்லாம் படித்துத் தேர்வு எழுதிப் பார்த்துப் பழக வேண்டிய விஷயங்கள். முதல் நோயறிதல் டாக்டருடையதாகவே இருக்கட்டும். பெரியவர்களுக்கான ஆன்ட்டிபயாடிக் எங்களுக்கு வேண்டாம். நர்ஸ் என்ற பட்டத்தை வைத்து வீட்டில் ஊசி போட்டுச் சம்பாதிக்கிறவர்களை நானும் எதிர்க்கிறேன். அவர்களால் எங்கள் எல்லாருக்கும் கெட்ட பெயர்.

ஆனால் அளந்து முடிவெடுக்க நர்சால் முடியாது என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். தமிழ்நாட்டிலேயே 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயைக் கண்டுபிடித்த இடத்திலேயே சுகாதாரப் பணியாளர் எடை, உயரம், கால் வீக்கம் பார்த்து, மூச்சு நிமிஷத்துக்கு 24க்கு மேலா, ஆக்சிஜன் 94க்குக் கீழா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, யாரைச் சேர்க்க வேண்டும் என்று பிரிக்கிறார்கள். இதே மாவட்டத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1946லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. செவிலியருக்கான பதிவுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1926லேயே வந்தது. படிப்புக்கும் பதிவுக்கும் இங்கே பஞ்சமில்லை.

நான் கேட்பது சின்னது. டாக்டர் ஒருமுறை ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று உறுதி செய்த பெரியவர்களுக்கு மட்டும், பயிற்சியும் தேர்வும் முடித்த நர்ஸ், எழுத்தில் உள்ள ஒரு பட்டியலிலிருந்து மருந்து எழுதலாம் என்று அரசு ஆணை வர வேண்டும். பட்டியலில் சால்புட்டமால், இழுக்கிற ஸ்டீராய்டு, ஸ்பேசர், ராத்திரி அவசரத்துக்கு ஆக்சிஜனும் ஒரே ஒரு டோஸ் பிரெட்னிசோலோனும் போதும். துணை சுகாதார நிலையத்து அலமாரியில் அந்த மருந்துகள் இருக்க வேண்டும். சீட்டில் நர்சின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்தச் சீட்டுகளை டாக்டர் உட்கார்ந்து பார்க்கட்டும். வேலையிடம் என்ன, எந்தப் பிரிவு என்று எழுத அந்தச் சீட்டிலேயே ஒரு கட்டம் இருக்கட்டும். ஷூ கம்பெனிகளும் டேனரிகளும் உள்ள வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் முதலில் தொடங்கிப் பார்க்கலாம்.

அதுவரை இதைப் படிக்கிற இளைப்புக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது சீட்டோடு இன்ஹேலரையும் கையில் எடுத்துப் போங்கள். நர்சின் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டி, சரியா என்று கேளுங்கள். எந்தக் கம்பெனியில், எந்தப் பிரிவில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.